மாத்திரையே வேலை செய்கிறது, கவுன்சிலிங்கும் எதற்கு?

கட்டிங் மாஸ்டர், திருப்பூர்:

எல்லோருக்கும் வணக்கம். பல மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குத்தான் எழுதத் துணிவு வந்தது. வயது 33. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கல்யாணமாகிப் பதினான்கு மாதம் ஆகிறது.

கல்யாணத்தன்று இரவு எனக்கு முடியவில்லை. மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை, மண்டபத்துக்கும் வீட்டுக்கும் ஓயாத அலைச்சல், முகூர்த்தத்தன்று விடியற்காலை மூன்று மணிக்கே எழுப்பிவிட்டார்கள். அந்த நிலைமையில் யாருக்கும் அப்படி ஆகும் என்று இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. மறுநாள் காலையில் இருந்தே, இன்று இரவும் அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற ஒரே யோசனை. அன்றும் அப்படியே ஆனது. அதற்கப்புறம் பக்கத்தில் போகும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை சில்லிட்டுவிடும். ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருக்கும். நிற்குமா என்று ஒரு நினைப்பு வரும் பாருங்கள், அந்த நொடியே தளர்ந்துவிடும்.

இத்தனை மாதத்தில் முழுமையாக நடந்தது ஐந்து தடவை. ஏற்றுமதி ஆர்டர் அவசரம் என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே இரவு பதினொன்றுக்கு மேல் வீட்டுக்குப் போன நாட்கள் நிறைய. அவள் தூங்கியிருப்பாள் என்றுதான்.

நடுவில் ஒரு வைத்தியரிடம் போனேன். மாதம் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்துப் பார்ப்பவர். நாடி பிடித்தார், கைப்பழக்கம் இருந்ததா என்று கேட்டார், நரம்புத் தளர்ச்சி என்றார். லேகியம், தைலம், தொண்ணூறு நாளைக்கு 18,000 ரூபாய். லேகியம் தீர்ந்துவிட்டது, அந்த 'நரம்புத் தளர்ச்சி' என்ற வார்த்தை மட்டும் மண்டையை விட்டுப் போகவில்லை.

போன மாதம் ஒரு யூராலஜிஸ்ட்டைப் பார்த்தேன். காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா என்று கேட்டார். வாரத்தில் நான்கைந்து நாள் இருக்கிறது என்றேன். சுகர், பிரஷர், கொழுப்பு பார்த்தார். டெஸ்டோஸ்டிரோனுக்குக் காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, பயம்தான் காரணம் என்று சொல்லி, விறைப்புக்கான டடாலாஃபில் 5 மி.கி. தினமும் ஒன்று, மூன்று மாதத்துக்கு எழுதினார். கூடவே ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பெயரையும் எழுதி, "மனைவியோடு போய்ப் பாருங்கள்" என்றார்.

பத்து நாளாக மாத்திரை போடுகிறேன். இரண்டு தடவை சரியாக நடந்தது. அதனால்தான் கேட்கிறேன். மாத்திரையே வேலை செய்யும்போது கவுன்சிலிங் எதற்கு? இல்லை, பயம்தான் காரணம் என்றால் மாத்திரை எதற்கு? இரண்டையும் சேர்த்து எடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மாத்திரை இல்லாமல் முடியாது என்ற நிலைமைக்கு வந்துவிடுவேனா என்றும் பயமாக இருக்கிறது.

மாத்திரை போடுவது மனைவிக்குத் தெரியாது. அளவு டேப்பும் சாக்பீஸும் வைக்கும் டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறேன்.


லேத் பட்டறை, கோவை:

தம்பி, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு மொபைலை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மேலே படிக்க முடிந்தது. நான் டிரில் பிட் வைக்கும் டப்பாவில் ஒளித்து வைத்திருந்தேன்.

எனக்கு இப்போது 49. சொந்தமாகச் சின்னப் பட்டறை, இரண்டு லேத். சுகர் வந்து பதிமூன்று வருஷம். 44 வயதில் எனக்கு இந்தப் பிரச்சனை ஆரம்பித்தது. உங்களுடையது மனதில் தொடங்கியது, என்னுடையது உடம்பில். ஆனால் ஆறு மாதத்தில் என்னுடையதும் மனதுக்குள் ஏறிவிட்டது. பட்ட பாட்டைச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கான பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் டாக்டரிடம் போகவில்லை. தெரியாத ஏரியாவில் ஒரு மெடிக்கலில் சில்டெனாஃபில் 50 வாங்கினேன், அதுவும் விறைப்புக்கான மாத்திரைதான். ராத்திரி ஒன்பதரைக்குப் பரோட்டாவும் மட்டனும் சாப்பிட்டுவிட்டு உடனே போட்டேன். இருபது நிமிஷம் காத்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் 100 ஆக்கினேன். முகமெல்லாம் சூடேறித் தலை வெடிப்பது போல வலித்ததே தவிர, வேறொன்றும் நடக்கவில்லை. மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொண்டு, நமக்கு இனி அவ்வளவுதான் என்று முடிவே செய்துவிட்டேன். மாத்திரைக்கே கேட்காத கேஸ் என்று என்னை நானே தள்ளி வைத்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து, சுகர் பார்க்கும் டாக்டரே ஒரு நாள் கேட்டார், "வீட்டில் உறவெல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று. அத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. அழுதுவிட்டேன் தம்பி. மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி அப்போது 8.9. மாத்திரை எழுதும் முன் ஈசிஜியும் ட்ரெட்மில்லும் எடுத்து வரச் சொன்னார். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் இதயத்தின் குழாயைவிடச் சின்னது, அடைப்பு தொடங்கினால் முதலில் தெரிவது அங்கேதான், சில வருஷம் கழித்துத்தான் நெஞ்சில் தெரியும் என்று விளக்கினார். இதயம் சரியாக இருந்தது. அப்புறம்தான் மாத்திரையைப் போடும் முறையே தெரிந்தது. சில்டெனாஃபிலுக்கு வயிறு லேசாக இருக்க வேண்டும், எண்ணெயும் கொழுப்பும் சேர்ந்தால் பலன் தாமதமாகும், குறையும். ஒரு மணி நேரம் விட வேண்டும். முதல் இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கைவிடாமல் ஆறேழு தடவையாவது முறையாகப் பார்க்க வேண்டும். (உங்கள் டடாலாஃபிலுக்குச் சாப்பாட்டுக் கணக்கு இல்லை. தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போட்டால் போதும்.)

முறையாகப் போட்டதும் கேட்டது. ஆனால் ஐந்து தடவையில் இரண்டு தடவைதான். மற்ற மூன்று ஏன் நடக்கவில்லை என்றுதான் என்னைச் சைக்காலஜிஸ்ட்டிடம் அனுப்பினார்கள். அவர் அதை மோட்டாரையும் தண்ணீர்த் தொட்டியையும் வைத்துச் சொன்னார், எனக்குப் பளிச்சென்று புரிந்தது. ஆசை வந்தால் உடம்பு நைட்ரிக் ஆக்சைடு என்ற ஒன்றை விடுகிறது. அதனால் உருவாகும் இன்னொரு பொருள்தான் ரத்தக்குழாயைத் தளர்த்தி ரத்தத்தை உள்ளே விடுகிறது. உடம்பே அந்தப் பொருளைக் கரைத்துக்கொண்டும் இருக்கும். கரைவதைத் தடுப்பதுதான் மாத்திரையின் வேலை. அதாவது தொட்டி ஒழுகாமல் அடைப்பது. மோட்டார் போடுவது ஆசைதான். பயந்தால் உடம்பில் அட்ரினலின் ஏறும், அது ரத்தக்குழாயை இறுக்கும், மோட்டார் ட்ரிப் ஆகிவிடும். மோட்டாரே ஓடாதபோது ஒழுகலை அடைத்து என்ன பயன்?

மொத்தம் ஏழு சிட்டிங், நான்கு மாதம். இரண்டாவதில் இருந்து வீட்டுக்காரம்மாவும் வந்தாள். அந்த அறையில் உட்கார்ந்து அவள் சொன்ன முதல் வாக்கியம், "இவருக்கு வேறு எங்கேயோ தொடர்பு இருக்கிறது என்றுதான் நினைத்தேன்." இரண்டு வருஷம் அதை மனதில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

அங்கே கொடுத்த முதல் வீட்டுப்பாடம் என்ன தெரியுமா? இரண்டு வாரத்துக்கு உறவே கூடாது. வாரம் மூன்று நாள், ஆளுக்கு இருபது நிமிஷம், ஒருவர் மற்றவரைத் தொட வேண்டும். மார்பையும் அந்தரங்க இடங்களையும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம். கிளர்ச்சி வர வேண்டும் என்று எதிர்பார்க்கவே கூடாது. கைக்கு என்ன தெரிகிறது, சூடா குளிர்ச்சியா, வழவழப்பா சொரசொரப்பா, அதை மட்டும் கவனிக்க வேண்டும். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்று அமெரிக்காவில் இரண்டு பேர் 1970 வாக்கிலேயே இதை வகுத்துவிட்டார்களாம். உறவின்போது நாமே வெளியே நின்று நம்மைப் பரீட்சை சூப்பர்வைசர் மாதிரி பார்த்துக்கொண்டிருப்போம் இல்லையா, அந்தப் பழக்கத்தை உடைப்பதற்காக.

எங்கள் வீடு இரண்டு அறை. அம்மா ஹாலில் படுப்பார். கதவைத் தாழ் போட்டால் சத்தம் கேட்கும் என்று பதினேழு வருஷம் தாழ் போடாமலே வாழ்ந்திருக்கிறோம். அந்த வாரம் தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன். முதல் நாள் இரண்டு பேருக்கும் கூச்சம். இரண்டாவது நாள் அவள் என் வலது முன்கையைத் தடவிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். "இது என்ன?" என்றாள். லேத்தில் இருந்து தெறித்த சூடான இரும்புச் சீவல் ஒட்டிப் பொசுங்கிய தழும்பு. சின்னச் சின்னதாக ஒன்பது இருக்கிறது. ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். எந்த வருஷம், எந்த வேலை என்று கேட்டாள். நான் சொன்னேன். அன்று வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் அத்தனை நாளில் முதல் முறையாக அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு எனக்கு நெஞ்சு அடிக்கவில்லை.

மூன்றாவது வாரம் தானாகவே எழுச்சி வந்தது. அதிலும் ஒரு விதி வைத்திருந்தார்கள். வந்தால் உடனே பயன்படுத்தக் கூடாது. தொடுவதை நிறுத்திவிட்டுத் தளர விட வேண்டும், மறுபடி தொட வேண்டும். அப்படியே செய்தோம். தளர்ந்தது, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. மறுபடி தளர்ந்தது, மறுபடி வந்தது. போனால் போனதுதான் என்றுதானே அத்தனை வருஷம் நடுங்கிக்கொண்டிருந்தேன்! போனது திரும்பி வரும் என்று என் உடம்பே எனக்குக் காட்டியது அன்றைக்குத்தான். இதை எந்த மாத்திரையும் சொல்லித்தராது.

இந்தப் பயிற்சி நடந்த நாளெல்லாம் மாத்திரையும் போட்டேன். மாத்திரை இல்லாமல் ஆரம்பித்திருந்தால், ஏற்கனவே நொந்து போயிருந்த நான் பயிற்சியையே பாதியில் விட்டிருப்பேன். வெறும் மாத்திரையோடு நிறுத்தியிருந்தால் நன்றாக நடந்த ஒவ்வொரு நாளும் மாத்திரைக் கணக்கில்தான் ஏறியிருக்கும், என் கணக்கில் ஏறாது. உங்கள் 'இரண்டு தடவை சரியாக நடந்தது' என்பது எந்தக் கணக்கில் ஏறியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மாத்திரைக்கு உடம்பு அடிமையாகாது. ஆனால் அது கையில் இல்லை என்ற நினைப்பே பயத்தைத் திரும்பக் கூட்டி வரும். சில்டெனாஃபிலை மட்டும் எடுத்தவர்களைவிடக் குழுவாக ஆலோசனையும் சேர்த்து எடுத்தவர்களுக்குப் பலன் கூடுதல், பாதியில் விட்டவர்களும் குறைவு என்று 2007ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு ஒன்றில் வந்ததாக அந்தச் சைக்காலஜிஸ்ட் காட்டினார்.

நான் இன்றும் மாத்திரை போடுகிறேன், சுகர் இருப்பதால். எச்பிஏ1சி இப்போது 7.1. சுகருக்கு மெட்ஃபார்மின் போடுவது போல இதுவும் ஒன்று, எனக்கு வெட்கமில்லை. உங்களுக்கு உடம்பில் கோளாறு இல்லை. கொஞ்சம் தேறிய பிறகு எப்போது குறைப்பது, எப்படி நிறுத்துவது என்று டாக்டரே சொல்வார். நீங்களாக நிறுத்திப் பார்த்து உங்களையே சோதிக்காதீர்கள்.

டப்பாவில் இருப்பதை மேஜைக்குக் கொண்டு வாருங்கள் தம்பி. அந்தச் சைக்காலஜிஸ்ட்டிடம் போவதற்கு முன்பே கொண்டு வாருங்கள்.


திருச்சி டீச்சர்:

தம்பி, உங்கள் மனைவி உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருந்து எழுதுகிறேன். இரவு பதினொன்றுக்கு நீங்கள் வரும்போது அவர் தூங்கியிருப்பார் என்று நினைக்கிறீர்கள். நான் தூங்கியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, செருப்பு கழற்றும் சத்தம், குழாய்ச் சத்தம் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் படுத்திருப்பேன். என்னை என் கணவருக்குப் பிடிக்கவில்லை, என் நிறமா, உடம்பா, என் பேச்சா என்று பதினோரு மாதம் எனக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன். இதில் ஊருக்குப் போனால் பெரியம்மா முதல் பக்கத்து வீடு வரை "ஏதாவது விசேஷமா?"

என் கணவருக்கு விறைப்பில் பிரச்சனை இல்லை, விந்து முந்துதல். ஒரு நிமிடம்கூட ஆகாது. எங்களிடம் யாரும் அதைக் கேட்கவே இல்லை. குழந்தை இல்லை என்றதும் நேரே எனக்குத்தான் பரிசோதனை. கருமுட்டை வளர்ச்சியை ஸ்கேனில் பார்த்து, இன்றும் நாளையும் சேர வேண்டும் என்று தேதி குறித்துக் கொடுப்பார்கள். அந்தத் தேதி வந்தாலே அவர் முகம் மாறிவிடும், உள்ளே போவதற்கு முன்பே முடிந்துவிடும். கடைசியில் ஒரு மனநல மருத்துவர்தான் ஸ்கேனை மூன்று மாதம் நிறுத்தி வைக்கச் சொன்னார். விந்து முந்துதலுக்கு என் கணவருக்கு டபோக்செட்டின் 30 மி.கி. கொடுத்தார். உறவுக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் முன்பு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு, ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது, மது அறவே கூடாது. முதல் நாள் சட்டென்று எழுந்தபோது தலை சுற்றியது. அப்புறம் மெதுவாக எழப் பழகிக்கொண்டார்.

மாத்திரை நேரத்தைக் கூட்டிக் கொடுத்தது. ஆனால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியாதே! அதைப் பயிற்சிதான் கற்றுக் கொடுத்தது. நிறுத்தித் தொடங்கும் முறை என்பார்கள். 1956ல் செமன்ஸ் என்ற மருத்துவர் எழுதியதாம். முதலில் கையால் மட்டும். வரப்போகிறது என்று தெரிந்ததும், வந்தே விடும் என்ற கட்டத்துக்கு முன்பே, நிறுத்திவிட வேண்டும். அரை நிமிடம் சும்மா இருந்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். மூன்று முறை நிறுத்தி, நான்காவது முறை விட்டுவிடலாம். வாயால் சொல்ல அவருக்குக் கூச்சம். அதனால் என் தோளில் இரண்டு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். முதல் வாரமெல்லாம் தட்டு தாமதமாகத்தான் வரும். நான்காவது வாரத்தில் அவருக்கே அந்த இடம் பிடிபட்டது. அதுவரை அவர் கண்ணை இறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வேறு எதையோ நினைத்துத் தள்ளிப்போடப் பார்ப்பார். தன் உடம்பைக் கவனிக்காமல் இருந்தால் நேரம் கூடும் என்று நினைத்திருக்கிறார். நேர்மாறாக, கவனித்தால்தான் பிடிபடுகிறது. இடுப்புத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் உண்டு. சிறுநீரை நடுவில் அடக்கும்போது எந்தத் தசை வேலை செய்கிறதோ அதுதான்.

மாத்திரையை ஒவ்வொரு முறையும் என்பதில் இருந்து ஒன்று விட்டு ஒன்று என்று குறைத்து, ஐந்தாவது மாதம் நிறுத்தினோம், மருத்துவரைக் கேட்டுத்தான். வீடியோவில் பார்த்ததை வைத்து அரை மணி நேரம்தான் சரி என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். ஐந்து நாடுகளில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து 2005ல் வந்த ஓர் ஆய்வில், பாதிப் பேர் 5.4 நிமிடத்துக்குள்தான் என்று மருத்துவர் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இதை யாராவது இருபது வயதில் சொல்லியிருக்கலாம்" என்றார். அது எனக்கு மறக்காது.

குழந்தை விஷயம் இன்னும் கைகூடவில்லை. ஆனால் பதினோரு மணிச் செருப்புச் சத்தம் இப்போது எட்டு மணிக்குக் கேட்கிறது. உங்கள் மனைவியை முதல் நாளே கூட்டிப் போங்கள். அவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.


மருந்துக்கடை, மதுரை:

மேலே எழுதிய இருவரும் மருத்துவர் சொல்லிச் செய்தவர்கள். இதைப் படித்துவிட்டு யாரும் நேரே கடைக்கு வந்துவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன். நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள், நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் உட்பட, சில்டெனாஃபில், டடாலாஃபில் இரண்டையும் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கி உயிரே போகலாம். டடாலாஃபில் உடம்பில் ஒன்றரை நாள் வேலை செய்யும். அதைப் போட்டவருக்கு நடுவில் நெஞ்சு வலி வந்தால் எப்போது போட்டார் என்பதை ஆஸ்பத்திரியில் சொல்லியே ஆக வேண்டும். இதற்காகவாவது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் இருந்தால் அது அவசர கேஸ், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மூலிகை என்று விற்கும் பொடிகளிலும் மாத்திரைகளிலும் சில்டெனாஃபிலைக் கலந்திருப்பது பல நாடுகளில் பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. தம்பி, லேகியம் ஏதாவது மிச்சம் இருந்தால் இந்த மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட வேண்டாம்.


கட்டிங் மாஸ்டர், திருப்பூர்:

மூன்று பேருக்கும் நன்றி. லேத் பட்டறை அண்ணா, அக்கா, நீங்கள் எழுதியதை நேற்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் டேபிளுக்கு அடியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். எட்டு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டேன். டப்பாவைத் திறந்து அவள் கையிலேயே கொடுத்தேன். என்னால் பேச முடியவில்லை. மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை எப்போதில் இருந்து?" என்றாள். பத்து நாளாக என்றேன். "அதுக்கு முன்னாடி பதினாலு மாசம்?" என்று கேட்டாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் விடியற்காலை இரண்டு மணி வரை பேசிக்கொண்டிருந்தோம். தனக்கு ஏதோ குறை என்று அவள் அவளுடைய அக்காவிடம் அழுதிருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு அப்பாயின்ட்மென்ட். அவளே போன் செய்து வாங்கினாள். லேகியப் பாட்டிலின் அடியில் கொஞ்சம் இருந்தது, காலையில் கொட்டிவிட்டேன். மாத்திரை இப்போது சமையலறை அலமாரியில், அவளுடைய இரும்புச்சத்து மாத்திரைக்குப் பக்கத்தில் இருக்கிறது.